ஒரு மருத்துவச்சியின் மறுப்புரை: பாரிசு, 1627

மருத்துவன் என்னும் சொல் தமிழில் நோய் தீர்ப்போனைக் குறிப்பதோடு, நாவிதனையும் குறித்து வழங்கியது. புண்ணறுத்தலும் கட்டி கீறலும் அக்குடியினர் கைத்தொழிலாய் இருந்தமையும், அக்குடிப் பெண்டிர் ஊர்தோறும் மகப்பேறு பார்த்தமையும் அவ்வழக்கிற்குக் காரணம் ஆம். ஆண்பாற்சொல் மருந்தையும் கத்தியையும் ஒருங்கே சுட்டி நிற்க, மருத்துவச்சி என்னும் பெண்பாற்சொல் பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்னும் ஒரு பொருளிலேயே பெரிதும் நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மொழியினர் அவளை ‘அறிவுடைய பெண்’ என்னும் பொருள்படும் தொடரால் அழைப்பர். பெயரளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட அவ்வறிவு சான்றளவில் ஒப்புக்கொள்ளப்பட்டதா என்பது வேறு வினா. அவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நிகழ்ச்சி ஒன்றனை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது 1627ஆம் ஆண்டு பாரிசு மாநகரத்து அரண்மனையில் நிகழ்ந்தது. ஒருபுறம் லூயிஸ் பூர்ஷுவா என்னும் மருத்துவச்சி; மறுபுறம் அரண்மனை மருத்துவரும் அறுவை மருத்துவரும்.

பூர்ஷுவா அம்மையார் 1563இல் பிறந்தவர். 1584இல் மார்த்தேன் பூர்சியே என்னும் அறுவை மருத்துவரை மணந்தார். பூர்சியே நாவிதத் தொழில்வழி அறுவை வினை பயின்ற வகுப்பைச் சார்ந்தவர். அக்காலத்து அறுவை மருத்துவருள் தலைசிறந்த அம்புருவாஸ் பாரே என்பவரிடம் பல்லாண்டு உடனிருந்து பயின்றவர். நம் நாட்டு வழக்கினை அறிந்தோர்க்கு இக்குடும்ப அமைப்பு புதியதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: அம்மையார் குலவழியாக இத்தொழிலுக்கு வந்தவரல்லர். 1589இல் சமயப் போரின்போது பாரிசு நகர்ப்புறம் சூறையாடப்பட்டது. நகர மதிலுக்கு வெளியே இருந்த அவர்தம் வீடும் பொருளும் அழிந்தன. கணவர் படையோடு போயிருந்தார், பிள்ளைகளோ சிறியர். சில காலம் தையல் வேலையால் பிழைத்த அம்மையார், பின்னர்ப் பாரே எழுதிய நூலைப் படித்து மகப்பேறு பார்க்கத் தொடங்கினார். நூல் பயின்று தொழிலுக்கு வந்த மருத்துவச்சி அந்நாளில் அரியர். இதுவே அவர்க்குப் பெருமையும் ஆயிற்று. பிற்காலத்துப் பகையும் ஆயிற்று.

பாரிசில் மருத்துவச்சியர்க்கு 1560ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவை மருத்துவர் இருவரும், மருத்துவச்சியர் இருவரும் கூடி ஆராய்ந்து தகுதி கண்ட பின்னரே உரிமம் வழங்கப்பெறும். அம்மையார் 1598இல் அக்குழுவின் முன் நின்றார். தேர்வாளருள் ஒருத்தியாகிய மூத்த மருத்துவச்சி துய்ப்பூயி என்பாள், அறுவை மருத்துவரின் மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாகாது எனத் தடுத்தாள் என அம்மையாரே எழுதுகின்றார். இளையவள் மருத்துவர் பக்கம் சாய்வாள், தம்முரிமை குறையும் என்பது அவள் அச்சம். முப்பதாண்டுகளுக்குள் அவ்வச்சத்திற்கு நேர்மாறானது நிகழ்ந்தது என்பதை மேலே காண்போம்.

நான்காம் ஹென்றி மன்னனின் தேவி மரீ தெ மெதிசி கருவுற்றபோது, மன்னன் விரும்பியது துய்ப்பூயியை. தேவி தேர்ந்தது பூர்ஷுவாவை. 1601 செப்டம்பர் 27ஆம் நாள் போன்தேன்புளோ அரண்மனையில் பதின்மூன்றாம் லூயி பிறந்தான். பிறந்த குழந்தை தளர்ந்து கிடக்க, அம்மையார் சிறிது திராட்சை மது கொணரச் செய்து, தம் வாயில் கொண்டு, குழந்தையின் வாயில் ஊதி உயிர்ப்பூட்டினாராம். அறைக்குள் திரளான மக்கள் புகுந்தமை கண்டு அவர் சினந்தபோது, இப்பிள்ளை எல்லார்க்கும் உரியது, எல்லாரும் மகிழட்டும் என மன்னன் அமைதிப்படுத்தினான் என்பதும் அவர் வரைந்த செய்தியே. இத்தகைய செய்திகள் பலவற்றிற்கு அம்மையாரின் எழுத்தன்றி வேறு சான்று அரிது. ஆதலின் ஓரளவு தற்பெருமை கலந்திருத்தல் கூடும் என்பதை ஆராய்ச்சியாளர் மனத்திற் கொள்ளல் வேண்டும். எனினும் 1609 வரை அரசிக்குப் பிறந்த மக்கள் அறுவரையும் அவரே ஏந்தினார் என்பதில் ஐயமில்லை.

அதே 1609இல் அவர் தம் பட்டறிவைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். மலட்டுத்தன்மை, கருச்சிதைவு, பேறு, மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் அடங்கியது அந்நூல். 1617இலும் 1626இலும் அது விரிந்தது. தம் மகளுக்கு அறிவுரையாக அவர் எழுதிய பகுதியும் அதனுள் அடங்கும். இங்கு ஓர் ஒற்றுமை நோக்கற்பாலது. அந்த 1609ஆம் ஆண்டிலேயே, பாரேயின் மற்றொரு மாணவரும் அரசரின் அறுவை மருத்துவருமாகிய ஜாக் கீயமோ என்பவரும் மகப்பேறு பற்றிய நூல் ஒன்றனை வெளியிட்டார். பாரேயின் நூல்களை 1582இல் இலத்தீனில் பெயர்த்தவரும் இவரே. ஓர் ஆசானின் பட்டறையினின்று இரு கிளைகள்: ஒன்று கணவன் வழியாகவும் நூல் வழியாகவும் மனைவியிடம் சென்றது, மற்றொன்று மாணவன் வழியாக மகனிடம் சென்றது. அம்மகனின் பெயர் சார்ல் கீயமோ. 1627இல் இவ்விரு கிளைகளும் எதிர்ப்பட்டன.

அவ்வாண்டின் அரசியல் நிலையைச் சிறிது கூறாமல் மேற்செல்லல் இயலாது. பதின்மூன்றாம் லூயிக்கு அப்போது மகப்பேறு இல்லை. 1638இல்தான் அவனுக்கு மகன் பிறந்தான். எனவே அவன் தம்பி கஸ்தோனே அரசுரிமைக்கு அணித்தாக நின்றான். கஸ்தோனுக்கும், பெருஞ்செல்வ உரிமையுடைய மரீ தெ பூர்போன் என்னும் மோன்பான்சியே கோமகளுக்கும் 1626 ஆகஸ்டில் நாந்து நகரில் திருமணம் நிகழ்ந்தது. அத்திருமணத்தை எதிர்த்து எழுந்த சூழ்ச்சியில் கலந்த ஷலே என்னும் பெருமகன் அதே மாதத்தில் கொலைத்தண்டம் பெற்றான். ரிஷெலியூ அமைச்சரும் அரசன் தாயும் வற்புறுத்தி முடித்த மணம் அது. அதன் பயனாக ஓர் ஆண்மகவு பிறக்குமாயின் அதுவே அரசுக்கு வழித்தோன்றல் ஆகும். நாடே நோக்கியிருந்த அப்பேற்றினைப் பார்க்கும் பொறுப்பு, அகவை அறுபதைக் கடந்த பூர்ஷுவாவிடம் வந்தது.

1627 மே 29ஆம் நாள் லூவர் அரண்மனையில் பெண்மகவு பிறந்தது. ஜூன் 4ஆம் நாள் தாய் இறந்தாள்.

மறுநாள் உடல் அறுத்து ஆராயப்பட்டது. மருத்துவரும் அறுவை மருத்துவருமாகப் பத்துப் பேர் ஒப்பமிட்ட அறிக்கை வெளிவந்தது. வயிற்றின் உட்பகுதிகளில் அழற்சியும் அழுகலும் கண்டதை அது கூறுகின்றது. அத்துடன், கருப்பையின் வலப்பக்கத்தில் நச்சுக்கொடியின் சிறு துண்டு ஒன்று ஒட்டியிருந்தது என்றும் கூறுகின்றது. முற்கூறியது நோயின் விளைவு. பிற்கூறியது ஒருவர் கையின் குறை. ஓர் அறிக்கையில் எத்தனை வரி இருப்பினும், படிப்போர் எவ்வரியைத் தீர்ப்பாகக் கொள்வர் என்பதை எழுதுவோர் அறிவர். நச்சுக்கொடியை முழுமையாக வாங்குதல் மருத்துவச்சியின் தலையாய கடமை. அத்துண்டு உண்மையாயின் இருபத்தாறு ஆண்டு அரண்மனைப் பணியும் அவ்வொரு வரியில் அழிந்தது.

அம்மையார் அடங்கியிருந்திலர். சில நாள்களுக்குள்ளேயே, மருத்துவர் அறிக்கைக்கு மறுப்புரை ஒன்றனை அச்சிட்டு வெளியிட்டார். அதனைப் பிரெஞ்சிலேயே எழுதினார். அதன் வாதங்களை எம் சொற்களால் தருகின்றோம். முப்பத்துநான்கு ஆண்டு இத்தொழிலைப் பழிப்பின்றிச் செய்தவள் யான். நச்சுக்கொடி வெளிவந்தபோது மருத்துவர் உள்ளிட்ட உடனிருந்தோர்க்குக் காட்டப்பட்டது. அது முழுமையானது என அனைவரும் ஏற்றனர். அன்று ஏற்றதை இன்று மறுப்பது எங்ஙனம்? இனி, உம் அறிக்கையே உறுப்புகளின் அழற்சியைக் கூறுகின்றதே. சாவுக்குக் காரணம் அங்கன்றோ தேடப்படல் வேண்டும்? பின்னர் அவர் தற்காப்பை விட்டுத் தாக்குதலில் இறங்குகின்றார். பேற்றுக்கு முன்னும் பின்னும் கருப்பையும் நச்சுக்கொடியும் எந்நிலையில் இருக்கும் என்பதை நீர் அறியீர் என்பதற்கு உம் எழுத்தே சான்று என்கிறார். உம் தலைவர் காலென் மணம் செய்யாதவர், பேறுகளை அரிதாகவே கண்டவர். அவர் மருத்துவச்சிக்கு நூல் எழுதப் புகுந்து தம் அறியாமையையே காட்டினார் என்கிறார். மகளிர் நோயின் மறைபொருளை அறிய விரும்புவோர் மருத்துவச்சியரை அடுத்துப் பல பேறுகளை நேரிற் காணல் வேண்டும். இப்போகிரேட்டஸ் அவ்வாறு அவரை உசாவியவர் அல்லரோ என்கிறார்.

ஈண்டுச் சிறிது நிற்றல் வேண்டும். இவ்வாதத்தின் வன்மை அதன் சினத்தில் இல்லை. அது எழுப்பும் அளவை வினாவில் உள்ளது. காட்சி, அனுமானம், ஆகமம் என்று நம் அளவை நூலார் வகுத்தவற்றுள், பாரிசு மருத்துவக் கல்விக்கழகம் ஆகமத்தில் நின்றது. காலென் உரைத்ததே அதற்கு முடிபு. உடலறுத்துக் காண்டல் அதனோடு சேர்ந்த காட்சி. அம்மையார் அவ்விரண்டையும் மறுத்து வேறொரு காட்சியை முன்வைக்கின்றார்: வாழும் பெண்ணின் உடலை ஆயிரக்கணக்கான முறை தொட்டறிந்த கையின் காட்சி. இறந்தோர் உடலைக் கண்டவன் ஒருவன். பேற்று வேளையில் உடனிருந்தவள் மற்றொருத்தி. இருவருள் யார் கூற்று ஆவணமாகும் என்பதே உண்மையான பூசல். பத்து ஒப்பங்களுள் மருத்துவச்சி ஒருத்தியின் ஒப்பமும் இல்லை. மருத்துவச்சிக்கு உரிமம் வழங்குங்கால் மருத்துவச்சியர் இருவரைக் குழுவில் அமர்த்திய நகரம், அவள் தொழிலின் விளைவை ஆராயுங்கால் ஒருத்தியையும் அமர்த்தவில்லை.

அறுவை மருத்துவர் அவ்வறிக்கையில் மருத்துவரோடு ஒன்றுபட்டு ஒப்பமிட்டது வரலாற்றின் ஒரு நகை என்றே கூறல் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன், 1575இல் பாரே தம் நூல்களைப் பிரெஞ்சில் வெளியிட்டபோது, இலத்தீன் அறியாத அறுவையாளன் மருத்துவம் எழுதுவதா எனக் கழகத்தார் தடை செய்ய முயன்றனர். அன்று இகழப்பட்டவரின் வழிவந்தோர், இன்று தம்மினும் கீழ்ப்படியில் நின்றவளை இகழும் அவையில் இடம்பெற்றனர். தாழ்த்தப்பட்ட தொழிலினர் மேற்படியில் ஏறுங்கால் ஏணியை எடுத்துவிடுதல் பாரிசுக்கு மட்டும் உரிய வழக்கன்று.

மறுப்புரைக்கு மறுமொழி விரைவில் வந்தது. பெயரின்றி வந்த அதனைச் சார்ல் கீயமோவின் எழுத்தென்பர். தற்பெருமையை விட்டு, எஞ்சிய வாழ்நாளை வாய் திறவாது கழிக்குமாறு அம்மையார்க்கு அது அறிவுரை கூறுகின்றது. நச்சுக்கொடி காட்டப்பட்டதா, இல்லையா என்பது நேரான வினா. பேசற்க என்பது அதற்கு நேரான விடை ஆகாது. அம்மையாரின் நடையில் செருக்குண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் செருக்குடையாள் பொய்யுரைத்தாள் என்பது எவ்வளவையானும் பெறப்படாது.

இனி, உண்மைதான் யாது? இற்றைநாள் மருத்துவ அறிவைக் கொண்டு நோக்குங்கால் சில கூறலாம். தீர்ப்புக் கூறல் ஆகாது. பேற்றுக்குப்பின் ஆறாம் நாளில் இறப்பு, வயிற்றுள் அழற்சி, அழுகல் ஆகிய இவை பேறுகாலச் சுரம் எனப்படும் நச்சுத் தொற்றினையே பெரிதும் சுட்டுகின்றன. நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கின் தொற்றுக்கு அது இடமாதல் கூடும். ஆனால் துண்டு ஏதும் தங்காமலே தொற்று நிகழ்தலும் மிகுதி. மற்றும், நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் பேற்றுக்குப் பின்னும் பல நாள் மேடாய்க் கரடுமுரடாய் நிற்கும். பழக்கமில்லாதார் அதனைத் தங்கிய துண்டு என மயங்குதல் உண்டு. கருப்பையின் பேற்றுப் பின்னிலையை நீர் அறியீர் என்று அம்மையார் கூறியது இவ்விடத்தில் பொருந்தி நிற்றலைக் காண்க. மறுதலையாக, நச்சுக்கொடியின் பெரும்பகுதி முழுமையாய்த் தோன்றினும், தனித்த சிறு மடல் ஒன்று உள்ளே தங்குதலும் அரிதாய் நிகழ்வது. எனவே இரு திறத்தாரும் கண்டதைக் கண்டவாறே கூறியிருத்தலும் இயலும். இதற்கு மேல் மற்றொன்றும் உண்டு. தொற்றினைக் கொணர்ந்தது யார் கை? அம்மையாரின் கையாகவும் இருக்கலாம். வந்து பார்த்த மருத்துவரின் கையாகவும் இருக்கலாம். அவ்வினாவை அன்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குரிய அறிவு அப்போது இருதிறத்தாரிடத்தும் இல்லை.

அவ்வறிவு தோன்ற இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தோன்றிய இடம் ஒரு பெரு மருத்துவமனை. வியன்னாப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதி இரண்டாய்ப் பிரிந்திருந்தது. 1840 முதல் முதற்பகுதியில் மருத்துவ மாணவரும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சி மாணவியரும் பயின்றனர். 1846இல் முதற்பகுதியில் 4010 பேறுகளுக்கு 459 தாயர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் 3754 பேறுகளுக்கு 105 பேர் இறந்தனர். நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் ஒருபால். மூவர்க்கும் குறைவு மறுபால். பிணமறுத்த கையோடு மாணவர் தாயரைத் தொட்டதே காரணம் என்று செம்மல்வைஸ் 1847இல் கண்டு, குளோரின் நீரால் கைகழுவச் செய்தார், சாவு வீழ்ந்தது. மருத்துவச்சியர் பிணம் அறுத்திலர். அதனால் அவர்தம் பகுதி தாயர்க்குத் தீங்கு குறைந்ததாயிற்று. அவர்களின் அறிவு மிக்கிருந்தமையான் அன்று. 1627இல் மருத்துவர்க்குச் சான்றுரிமை தந்தது எதுவோ, அந்தப் பிணக்கூறே 1846இல் அவர் கையைக் கொல்லும் கையாக்கியது.

இதனைக் கூறுவதால் மருத்துவமனைகள் அனைத்தும் மருத்துவச்சியரைப் புறக்கணித்தன என்று கொள்ளற்க. பாரிசில் ஓத்தெல் தியூ என்னும் பழைய மருத்துவமனையின் பேற்றுப்பகுதி தலைமை மருத்துவச்சியின் ஆட்சியிலேயே நெடுங்காலம் இருந்தது. அங்குப் பயில மருத்துவச்சி மாணவியர் போட்டியிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குப் பயின்ற எலிசபெத் நிகெல் என்பார், இலண்டன் சென்று, கருவி ஏந்திய ஆண் பேற்று மருத்துவரைக் கடிந்து 1760இல் நூல் எழுதினார். பூர்ஷுவாவின் குரல் ஒரு பெண்ணின் தனிக்குரலாய் முடிந்துவிடவில்லை என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

அம்மையாரின் பக்கம் நின்று யாம் இதனை எழுதினோம் எனச் சிலர் கருதக்கூடும். ஒருவாறு அது மெய்யே. அவர் தவறிழையாதவர் என்று நிறுவுவதற்காக நிற்கவில்லை. அஃது இன்று நிறுவப்படாதது. பத்து ஒப்பங்களை மட்டும் படித்து அவரைக் குற்றவாளி என எழுதிச் செல்வது ஒரு திறத்தாரின் ஆவணத்தையே வரலாறு எனக் கொள்வதாகும் என்பதற்காகவே நிற்கின்றோம். நம் ஊர்களில் மகப்பேறு பார்த்த எண்ணிறந்த மருத்துவச்சியர் மீதும் பழி சொல்லும் அறிக்கைகள் ஆங்கில ஆட்சிக்கால மருத்துவ ஏடுகளில் மலிந்துள்ளன. அவர்தம் மறுப்புரையோ அச்சேறவில்லை, பலர் எழுத்தறியாதவர். பூர்ஷுவா எழுதவல்லவராய் இருந்தமையால், ஒரு வழக்கிலேனும் நமக்கு இரு பக்கமும் கிடைக்கின்றன.

1627க்குப் பின் அரண்மனைப் பேறுகளில் அவர் பெயர் காணப்படவில்லை. சார்ல் கீயமோ பின்னர்ப் பாரிசு மருத்துவக் கல்விக்கழகத்தின் தலைமையையும் பெற்றார். 1635இல், வாய் திறவற்க என அறிவுறுத்தப்பட்ட அம்மையாரின் பெயரால் மருந்து முறைகளின் தொகுப்பு நூல் ஒன்று பாரிசில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அன்று அவர் ஏந்திய பெண்மகவு வளர்ந்து, 1652இல் பஸ்தீல் கோட்டைப் பீரங்கிகளை அரசப்படையின் மீது திருப்பச் செய்த வீரமகளாய் விளங்கி, 1693இல் இறந்தது. அம்மங்கை எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, தாயை இழந்த செய்தியிலிருந்தே தொடங்குகின்றது.